ஈறு ஆறிவிட்டது என்று நான் காட்டிய படம்

போன வாரம் கடலூரில் ஒரு பல் கிளினிக் வாசலில் ஃப்ளெக்ஸ் ஒன்றைப் பார்த்தேன். சிரிக்கிற பெண் ஒருத்தி, அவளுக்குப் பக்கத்தில் புற்றுநோய்க்கு அடையாளமாகப் போடுவார்களே, அந்த நண்டு, நண்டின் மேல் சிவப்பில் பெருக்கல் குறி. கீழே கொட்டை எழுத்தில் ‘ஈறைச் சுத்தம் செய்வோம், புற்றுநோயை விரட்டுவோம்’ என்று போட்டிருந்தது. வந்த வேலையை அப்படியே விட்டுவிட்டு நேராக உள்ளே போனேன். அந்த டாக்டர் சிதம்பரத்தில் என்னிடம் படித்தவர்தான். எழுந்து நின்றார், நாற்காலி போட்டார், டீ சொல்லி அனுப்பினார். வாசலில் இருக்கிறதே, அது என்னய்யா கூத்து என்று கேட்டேன். “மேடம், ஈறுக்கும் கேன்சருக்கும் லிங்க் இருக்குன்னு நீங்கதானே க்ளாஸ்ல சொன்னீங்க?” என்றார். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று உங்கள் பல் மருத்துவர் சங்கத்துக்காரர்கள் ரெண்டு மாதமாக என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தட்டிக் கழித்துக்கொண்டே வந்தேன். அந்த ஃப்ளெக்ஸைப் பார்த்த அன்று ராத்திரியே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். கடலூர் முதுநகரில் கிளினிக், வாரத்தில் ரெண்டு நாள் சிதம்பரத்தில் வகுப்பு என்று முப்பது வருஷத்துக்கு மேல் ஈறு வைத்தியம் பார்த்தவள் நான். எந்தக் கருவியை எப்படிப் பிடிப்பது, தையல் எப்படிப் போடுவது என்றெல்லாம் உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். அதில் நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

முதலில் அந்த லிங்க் விஷயத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அதை அரைகுறையாகக் கேட்டுக்கொண்டு எழுந்து போனவர்கள்தான் ஜாஸ்தி. பல்லும் ஈறும் சேரும் இடத்தில் காரை படிந்து, ஈறு விலகி, பை மாதிரிப் பள்ளம் விழுகிறது. காற்றுப் புகாத அந்தப் பள்ளத்தில் சில கிருமிகள் வசதியாகக் குடியேறுகின்றன. அதில் ஒன்று ஃபியூசோபாக்டீரியம். ரெண்டு முனையும் கூர்ந்த நீளமான கிருமி. பெருங்குடலில் வரும் புற்றுக் கட்டிகள் சிலவற்றுக்குள் இதே கிருமியை ஆராய்ச்சிக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். எச்சிலோடு விழுங்கியோ, ரத்தத்தில் கலந்தோ அது அங்கே போகலாம். கட்டியின் செல்கள் மேலிருக்கும் ஒரு வகைச் சர்க்கரையைப் பற்றிக்கொண்டு ஒட்டுகிறது. கட்டியை அழிக்க வரும் நம் காவல் செல்களை மட்டுப்படுத்துகிறது. இது தவிர, வருஷக்கணக்கில் ஆறாமல் கிடக்கும் ஈறு உடம்பு முழுக்க அழற்சியைக் கிளறிக்கொண்டே இருக்கிறது. அழற்சி ஓயாத உடம்பில் செல்கள் தாறுமாறாகப் பெருகும் வாய்ப்பும் கூடும்.

இவ்வளவும் உண்மை. ஆனால் அந்தக் கிருமி போய்க் கட்டியை உண்டாக்கியதா, இல்லை ஏற்கெனவே இருந்த கட்டியில் இடம் பார்த்து உட்கார்ந்ததா என்பது இன்னும் தீராத கேள்வி. பீடியும் புகையிலையும் ஈறையும் கெடுக்கும், புற்றையும் கொண்டுவரும். எது எதனால் வந்தது என்று பிரிப்பது லேசான வேலை இல்லை. ஈறைச் சுத்தம் செய்துகொண்டால் குடலில் புற்று வராது என்றோ, வந்தது போய்விடும் என்றோ எவரும் நிரூபிக்கவில்லை. இந்த ‘ஆனால்’ வரைக்கும்தான் எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கப்புறம் மணி அடித்துவிடுகிறது, நோட்டை மூடிவிடுகிறார்கள். பிறகு ஊருக்குப் போய் நண்டு படம் போட்டு ஃப்ளெக்ஸ் வைக்கிறார்கள்.

அவர்களைத் திட்டுவதற்கு எனக்கு வாய் இருக்கிறதா என்பது வேறு கதை. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் நெல்லிக்குப்பத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பல் மருத்துவ முகாம் போட்டோம். இந்த விஷயமெல்லாம் எனக்கு அப்போது புதுசு. படித்த சூட்டில் இருந்தேன். யார் கிடைத்தாலும் சொல்லியாக வேண்டும். பல் தேய்ப்பது எப்படி என்று பத்து நிமிஷம் பேசிவிட்டு இறங்க வேண்டியவள், மைக்கை விடாமல் வாயிலிருந்து கிருமி வயிற்றுக்குப் போவதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன். ஜனங்கள் அசையாமல் கேட்டார்கள். அது என்னை இன்னும் ஏத்திவிட்டது.

முடிக்கும்போது முன் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். ஐம்பது வயசு இருக்கும். வெயிலில் கறுத்த முகம், வெள்ளைச் சட்டை. பெயர் கலியபெருமாள், கரும்பு விவசாயி என்பதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும்.

“வெளிக்குப் போவும்போது ஒருத்தருக்கு ரத்தம் போவுதுன்னு வச்சுக்குங்க. அதுவும் இந்தக் கிருமியாலதானா டாக்டரம்மா?”

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரிகிறது அல்லவா? இறங்கிப் போய் அவரை ஓரமாகக் கூப்பிட்டு, யாருக்கய்யா ரத்தம் போகிறது என்று கேட்டிருக்க வேண்டும். நம்மூரில் எந்த ஆம்பளையும் சபை நடுவில் தன் மலத்தைப் பற்றித் தன் பெயரில் கேட்க மாட்டான். ஒருத்தருக்கு என்றுதான் கேட்பான். அந்த ஒருத்தர் அவனேதான். இது சின்ன வயசிலிருந்து எனக்குத் தெரிந்த சங்கதி. முதுநகரில் பிறந்து வளர்ந்தவளுக்கு இதைத் தனியாகச் சொல்லித் தர வேண்டுமா? ஆனால் அன்றைக்கு என் கையில் மைக் இருந்தது. “இருக்கலாம், அதைத்தான் இப்ப ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருக்காங்க. ரொம்ப நல்ல கேள்வி” என்று சொல்லி, அவருக்குக் கைதட்டச் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். அவர் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வாரமே மனைவியோடு என் கிளினிக்குக் கிளம்பி வந்தார். மனைவி பெயர் தனலட்சுமி. அதிகம் பேசாத பெண். அவருடைய ஈறு உண்மையிலேயே மோசமாகத்தான் இருந்தது. தொட்டால் ரத்தம், சில இடத்தில் சீழ். நாலு தடவை வரச் சொல்லி, பகுதி பகுதியாக ஆழத்தில் சுத்தம் செய்தேன். கிட்டத்தட்ட மூன்று மாதம் ஓடியது. சொன்ன தேதிக்குச் சொன்ன நேரத்தில் வந்து நின்றார். இவ்வளவு ஒழுங்கான நோயாளியை நான் பார்த்ததில்லை என்று தனலட்சுமியிடம் பாராட்டினேன். அவர் ஏன் அவ்வளவு ஒழுங்காக வந்தார் என்று ஒரு தடவையாவது யோசித்தேனா என்றால், இல்லை.

நம் தொழிலில் ஒரு கோளாறு இருக்கிறது, கவனித்திருப்பீர்கள். நாம் பேசிக்கொண்டிருக்கும்போது எதிராளி வாயைத் திறந்துகொண்டுதான் இருப்பார். ஆனால் அவரால் ஒரு வார்த்தை பேச முடியாது. உள்ளே நம் விரலும் கண்ணாடியும் உறிஞ்சு குழாயும் இருக்கும். நான் நாலு தடவையும் அந்தக் கிருமிப் புராணத்தையே அவருக்குப் படித்தேன். அவர் தலையை ஆட்டினார். புரிந்துகொள்கிறார் என்று எனக்குச் சந்தோஷம்.

மூன்றாவது தடவை தனலட்சுமி கதவுப் பக்கம் தயங்கி நின்றாள். ரெண்டு தரம் கரும்புக் கொல்லையில் வேலை செய்யும்போது தலை சுத்தி உட்கார்ந்துவிட்டார் என்றாள். ஈறு வலியில் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார், கஞ்சியாகக் காய்ச்சிக் கொடு என்று சொல்லி அனுப்பினேன். கடைசித் தடவை ஈறு ஆறியிருக்கிறதா என்று பார்க்க மட்டும்தான் வரச் சொல்லியிருந்தேன், அவரே எழுந்திருக்கும்போது கேட்டார்: “ஈறு சரியாயிட்டா வயிறும் சரியாயிடும் இல்ல டாக்டரம்மா?” நான் எழுதிக் கொடுத்த மாத்திரை வயிற்றைப் புரட்டுவது வழக்கம். அதைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். எல்லாம் சரியாயிடும், கவலைப்படாதீங்க என்றேன். இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் அரை நிமிஷம் ஆகியிருக்கும். வெளியே ஏழு பேர் காத்திருந்தார்கள் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அன்றைக்குத்தான் அந்தப் படத்தை எடுத்தேன். முதல் நாள் எடுத்த படத்தில் ஈறு ரத்தச் சிவப்பில் வீங்கிக் கிடந்தது. கடைசி நாள் படத்தில் வெளிர்ந்து, வற்றி, பல்லோடு ஒட்டி நின்றது. ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பூரித்துப் போனேன். மறு வாரம் சிதம்பரத்தில் வகுப்பு. அதில் போட்டுக் காட்ட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

வகுப்பில் அறுபது பேருக்கு மேல் இருந்தார்கள். ஜன்னலை அடைத்துவிட்டுப் படத்தைப் போட்டேன். அழற்சி வடிந்தால் ஈறு எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல படம் உங்களுக்குக் கிடைக்காது என்றேன். புவனகிரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் பெண் ஒருத்தி, பாதி நாள் தாமதமாக வந்து என்னிடம் திட்டு வாங்குகிறவள், கையைத் தூக்கினாள்.

“மேடம், ரெண்டாவது படத்துல ஒதடும் வெளுத்திருக்கே. ஒதட்ட நாம சுத்தம் பண்ணலையே.”

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. வெளிச்சம் மாறினால் நிறம் மாறும், மரத்துப் போக ஊசி போட்டாலும் கொஞ்ச நேரம் வெளுப்பாகத்தான் தெரியும், உட்கார் என்றேன். உட்கார்ந்துவிட்டாள். அடுத்த படத்துக்குப் போனேன், அதற்கடுத்த படத்துக்கும் போனேன். வாய் பேசிக்கொண்டிருந்தது, மனசு அங்கேயே நின்றது. ஏனென்றால் அன்றைக்கு நான் ஊசி போடவே இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அறுபது பேருக்கு முன்னால் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கிறேன்.

பத்து நிமிஷம் கழித்துப் படத்தைத் திருப்பிப் போட்டேன். வெளிச்சம்தான் காரணம் என்றால் பல்லின் நிறமும் மாறியிருக்க வேண்டும். ரெண்டு படத்திலும் பல் அதே பழுப்பு. உதடு வெள்ளை. வாயின் ஓரம் ரெண்டு பக்கமும் வெடித்திருந்தது. பல்லுக்குப் பின்னால் கொஞ்சம் தெரிந்த நாக்கு மொழுமொழுவென்று வழித்துவிட்ட மாதிரி இருந்தது. ஈறு ஆறியது கொஞ்சம். மீதி வெளுப்பு, அந்த ஆள் உடம்பில் ரத்தம் இல்லாத வெளுப்பு. நாலு மாதம் முன்னால் ஒருத்தருக்கு ரத்தம் போவுதுன்னு வச்சுக்குங்க என்று கேட்டவரும், தலை சுத்தி உட்கார்ந்தவரும், வயிறும் சரியாயிடும் இல்ல என்றவரும் ஒரே ஆள் என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது.

வகுப்பை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு வெளியே வந்து போன் போட்டேன். தனலட்சுமிதான் எடுத்தாள். சர்க்கரை ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வந்து கரும்பு வெட்டியாகிவிட்டது, முதல் லோடோடு அவர் ஆலைக்குப் போயிருக்கிறார், போனை வீட்டிலேயே வைத்துவிட்டார் என்றாள். அவருக்கு மலத்தில் ரத்தம் போகிறதா என்று நேராகக் கேட்டேன். எங்கிட்ட அதெல்லாம் சொல்ல மாட்டார் டாக்டரம்மா, ஆனா ஆறு மாசமா துத்தி இலை பறிச்சுட்டு வந்து வதக்கிக் குடுன்னு கேட்டு வாங்கித் தின்கிறார் என்றாள். மூலத்துக்கு நம் ஆட்கள் துத்திதான் தின்பார்கள். அவளையும் ஆலைக்கு வரச் சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன்.

சிதம்பரத்திலிருந்து நெல்லிக்குப்பம் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. வழியெல்லாம் அவரைத்தான் திட்டிக்கொண்டு போனேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா, குடலுக்கு வைத்தியம் பார்க்க யாராவது பல் டாக்டரிடம் வருவார்களா என்று. என்னைத் திட்டிக்கொள்ள அப்போது தோன்றவில்லை.

ஆலை கேட்டுக்கு வெளியே டிராக்டர்கள் வரிசையாக நின்றன. நடுவில் எங்கேயோ அவருடைய வண்டி. கரும்புச் சுமையின் நிழலில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தார். எழுந்த வேகத்தில் தலை சுற்றி, டயரைப் பிடித்துக்கொண்டார். சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பேர். பல் டாக்டர் ஆலை வாசலுக்கு எதற்கு வந்திருக்கிறாள் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவருடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். உள்ளே சிவப்பே இல்லை. மூன்று மாதமாக என் நாற்காலியில் ஒரு சாண் தூரத்தில் இருந்த கண்.

இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றேன். லோடு இறங்காமல் வர முடியாது, வரிசை போய்விடும் என்றார். ரத்தம் போகிறதை ஏன் சொல்லவில்லை என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன். அவர் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், பிறகு அதே தாழ்ந்த குரலில் சொன்னார்.

“அதான் சொன்னேனே டாக்டரம்மா, கூட்டத்துலயே. ஈறுலேருந்துதான் வயித்துக்குப் போவுதுன்னு நீங்கதான் சொன்னீங்க. வேர்லயே பாத்துரலாம்னுதான் உங்ககிட்ட வந்தேன். இப்ப ஈறு சரியாயிடுச்சு. இன்னும் கொஞ்ச நாள்ல அதுவும் நின்னுடும்.”

இந்த இடத்தில்தான் உங்களைக் கொஞ்சம் நிற்கச் சொல்கிறேன். என்றைக்காவது நீங்களும் இப்படி ஒரு இடத்தில் நிற்பீர்கள். நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் கலியபெருமாள், நீங்கள் கேட்டபோது நான் காதில் வாங்கவில்லை, இதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் என்னை நம்பாமல் போய்விடுவாரோ, நம்பாமல் போனால் ஆஸ்பத்திரிக்கும் வராமல் போய்விடுவாரோ என்று ஒரு பயம். அந்தப் பயம் உண்மைதான். அதோடு, பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் உண்மைதான். எது எவ்வளவு என்று என்னால் இன்றைக்கும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

“உங்க ஈறைப் பாத்தா ஒடம்புல ரத்தமே இல்லாத மாதிரி தெரியுது. உள்ள என்னமோ இருக்குது. அதான் க்ளாஸை விட்டுட்டு ஓடி வந்தேன்” என்றேன்.

அதில் பொய் என்று ஒன்றும் இல்லை. அவர் முகம் மாறியது. பக்கத்து டிராக்டர்க்காரர் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். நீ போ மச்சான், வண்டிய நான் பாத்துக்கறேன் என்று துண்டை எடுத்து அவர் தோளில் போட்டார். அதற்குள் தனலட்சுமியும் வந்து சேர்ந்தாள். ரெண்டு பேரையும் என் காரிலேயே ஏற்றிக்கொண்டு போனேன்.

ரத்தம் ஏற்றினார்கள். குழாய் விட்டுப் பார்த்தபோது பெருங்குடலில் கட்டி இருந்தது. ஸ்கேனில் ஈரலிலும் தெரிந்தது. அறுவை செய்த டாக்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, எத்தனை மாதமாக ரத்தம் போகிறது என்பதுதான். ஆறு மாதத்துக்கு மேல் என்றேன். நாலு மாதமாக எனக்கும் தெரியும் என்று சொல்லவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், என் மேல் உங்களுக்கு என்ன மதிப்பு மிச்சம் இருக்கிறதோ அது போகட்டும். எடுத்த கட்டியில் அந்தக் கிருமி இருக்கிறதா என்று எங்கேயாவது அனுப்பிச் சோதித்துப் பார்க்க முடியுமா என்று அவரிடம் கேட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பேஷன்ட்டைப் போய்ப் பார்க்கிறீர்களா மேடம் என்றார். போய்ப் பார்த்தேன்.

புவனகிரிப் பெண்ணிடம் அடுத்த வகுப்பிலேயே எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். நீ சொன்னதுதான் சரி, நான் ஊசியே போடவில்லை என்றேன். வகுப்பில் அப்படி ஒப்புக்கொள்வது சுலபம். பெரிய மனசு என்று பெயர் கிடைக்கும். எனக்கும் கிடைத்தது.

கலியபெருமாள் அறுவை முடிந்து, புதுச்சேரியில் ஊசி மருந்து ஏற்றிக்கொண்டு ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தார். அந்த ஒரு வருஷமும் நெல்லிக்குப்பத்தில் பார்க்கிறவர்களிடமெல்லாம் ஒரே கதைதான். பல்லைப் பார்த்தே வயிற்றுக்குள் இருக்கிறதைக் கண்டுபிடித்தார்கள் எங்கள் டாக்டரம்மா, பெரிய டாக்டர்களுக்கெல்லாம் தெரியாதது அவர்களுக்குத் தெரிந்தது, காரை எடுத்துக்கொண்டு ஆலை வாசலுக்கே வந்தார்கள். இதன் பலன் என்ன ஆயிற்று தெரியுமா? வயிற்று வலிக்காரர்கள், இருமல்காரர்கள், கழுத்தில் கட்டி வந்தவர்கள் என்று ஆட்கள் பஸ் ஏறி முதுநகருக்கு வந்து என் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார்கள். ஈறைப் பாத்துச் சொல்லுங்க டாக்டரம்மா என்றார்கள். ஒவ்வொருத்தரையும் கத்தி, கெஞ்சி, போக வேண்டிய டாக்டரிடம் சீட்டு எழுதி அனுப்புவதற்குள் எனக்கு உயிர் போய்விடும். கலியபெருமாளைக் கூப்பிட்டு, இப்படிச் சொல்லாதீங்க, தப்பு என்றேன். அவர் தனலட்சுமியைப் பார்த்துச் சிரித்தார். பெரியவங்க தன்னப் பத்தித் தானே சொல்லிக்க மாட்டாங்க என்றார். அதற்கு மேல் நானும் வற்புறுத்தவில்லை. ஏன் தப்பு என்று சொல்லவே இல்லை.

அடுத்த வருஷம் ஆலையில் கரும்பு அரவை முடிகிற சமயத்தில் போய்விட்டார். காரியத்துக்குப் போயிருந்தேன். என்னை முன்னால் உட்கார வைத்தார்கள்.

அதற்கப்புறம் நாலைந்து மாதம் கழித்துத் தனலட்சுமி கிளினிக்குக் கடைவாய்ப் பல் வலியோடு வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் கையுறையை மாட்டிக்கொண்டு கண்ணாடியை எடுத்தேன். வாயைத் திறக்கவில்லை. ஒன்று கேட்க வேண்டும் என்றாள். கேள் என்றேன்.

“நாங்க உங்ககிட்ட ஈறுக்கு வந்துட்டிருந்தோமே, அந்த மூணு மாசமும் அவருக்கு உள்ள அது இருந்துதா?”

“இருந்துது.”

“கூட்டத்துல கேட்டாரே, அன்னிக்கே நீங்க ஆஸ்பத்திரிக்குப் போவச் சொல்லியிருந்தா?”

கண்ணாடியைத் தட்டில் வைத்துவிட்டேன். பிழைத்திருப்பார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் வாய்ப்பு இன்னும் ஜாஸ்தியாக இருந்திருக்கும், நான்தான் கவனிக்கவில்லை என்றேன். அவள் அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. தலையை மட்டும் ஆட்டினாள், இது அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்த மாதிரி. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் பல் வலி என்று வந்தாளோ என்றுகூட எனக்குச் சந்தேகம்.

“அவரு ஊரு பூரா உங்களப் பெருமையாச் சொல்லிட்டுப் போயிட்டாரு. செத்தவரு சொன்னத நான் போயி மாத்திச் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க” என்றாள்.

சொல்கிறேன் என்றேன். அப்புறம்தான் வாயைத் திறந்தாள்.

இது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. கிளினிக் நடந்த வரைக்கும் நான் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் கிடைத்தது. ஜனங்களுக்கு டாக்டர்கள் மேல் நம்பிக்கை போய்விடும், முகாமுக்கு ஆள் வராது என்று. நெல்லிக்குப்பத்தில் நான் இன்றைக்கும் பல்லைப் பார்த்துப் புற்றைக் கண்டுபிடித்த டாக்டரம்மாதான். அந்தக் கதையைக் கேட்டு, தனக்கு ரத்தம் போகிறது என்று ஈறைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆள் அங்கே இன்னும் எத்தனை பேரோ, எனக்குத் தெரியாது. ஃப்ளெக்ஸ் வைத்தவரிடம் நான் ஒன்றும் பேசாமல் டீயைக் குடித்துவிட்டு வந்ததற்கு அதுதான் காரணம்.

இதை எழுதி முடிப்பதற்குள் தனலட்சுமிக்குப் போன் செய்தேன். இந்த ஞாயிற்றுக்கிழமை அதே பள்ளிக்கூடத்தில் ஆட்களைக் கூட்டித் தர முடியுமா என்று கேட்டேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டாள்.